ஜனவரிக்காரரும் பிப்ரவரிக்காரரும்

இலக்கு வைப்பது எப்படி என்று சொல்லித்தரும் பயிற்சி வகுப்புகளில் எப்படியும் யேல் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1953-இல் அங்கே படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் தங்கள் லட்சியங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த 3 சதவீதத்தாரின் சொத்து மீதி 97 சதவீதத்தாரின் மொத்தச் சொத்தையும் தாண்டியிருந்ததாம். பயிற்றுநர் இதைச் சொல்லி நிறுத்தியதும் அரங்கமே பேனாவைத் தேடும். கதையில் ஒரே ஒரு குறைதான்: அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை என்று யேல் சொல்லிவிட்டது. எதையும் அளந்து, ஆதாரத்தோடு செய்யுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்யும் ஒரு தொழில், தன் தலையாய ஆதாரத்தைச் சரிபார்க்காமலே பல காலம் பிழைப்பு நடத்தியிருக்கிறது. அதற்காக எழுதி வைப்பதே வீண் என்று பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எழுதுகிறவர் யார், செய்து கொடுக்க வேண்டியவர் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் அவர்கள் ஒரே ஆள் இல்லை. எழுதுகிறவர் ஜனவரிக்காரர். விடுமுறை, நல்ல தூக்கம், வயிறு நிறையக் கேக், கையில் யாரோ இனாமாகக் கொடுத்த டைரி. அந்த நிலையில் மனிதன் எதைத்தான் எழுதமாட்டான்? காலை ஐந்து மணிக்கு வாக்கிங், ஆறு மாதத்தில் ஜெர்மன், வருஷத்துக்குள் ப்ரமோஷன், சர்க்கரைக்கு இன்று முதல் தடை. இத்தனையையும் நிறைவேற்ற வேண்டியவர் பிப்ரவரிக்காரர். முந்தின இரவு பதினோரு மணி வரை வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கால் பேசிவிட்டுப் படுத்தவர். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலுவலகத்தில் மேனேஜர் இப்படித் தன்னிச்சையாக டார்கெட் எழுதிக் கையில் திணித்தால், காப்பி மெஷின் பக்கத்தில் நின்று அவரை வண்டிவண்டியாகத் திட்டுவோம். வீட்டில் மேனேஜரும் நாமே என்பதால் சும்மா இருந்துவிடுகிறோம். பிப்ரவரிக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட இலக்கு மட்டுமே மார்ச் மாதத்தைப் பார்க்கும் என்பதுதான் என் வாதம்.

இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். அமெரிக்க ஜிம்களின் கணக்குகளை ஆராய்ந்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது என்ற பொருளில் இருக்கிறது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. சந்தாவே இல்லாமல், பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கினால் தடவைக்கு 10 டாலர்தான் என்ற வசதி அதே இடத்தில் இருந்தது. பணம் கட்டியவர் ஜனவரிக்காரர், கால்தான் பிப்ரவரிக்காரருடையது. 1994-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? சுமார் 49 நாள். நிஜத்தில் ஆனது சுமார் 56. கெட்டகாலத்தைக் கற்பனை செய்யும்போதும் ஜனவரிக்காரருக்கு நல்ல மனசு. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற வேதவாக்கும் அவர் உபயம்தான். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதினார். மூக்குக்குப் போட்ட கணக்கை வாக்கிங்குக்குப் போட்டுவிட்டோம். 2010-இல் லண்டன் ஆய்வாளர்கள் நிஜமாகவே அளந்தபோது சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம்.

பிப்ரவரிக்காரரிடம் கையெழுத்து வாங்குவது கஷ்டமில்லை; அவருக்குக் கவிதை புரியாது, நேரமும் இடமும் புரியும். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சும்மா ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் சாதிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ‘உடம்பைக் குறைப்பேன்’ என்பது பிரகடனம். ‘பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டதும் அப்படியே பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றுவேன்’ என்பது வேலை. ‘தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வேன்’ என்பது அப்ரைசல் படிவத்தை நிரப்ப உதவும் வசனம். வியாழக்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் நானே பேசுவேன் என்றால் அதைச் செய்தோமா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். கம்பெனிகள் ஓயாமல் ஓதும் ‘ஸ்மார்ட்’ இலக்கு முறையை 1981-இல் ஜார்ஜ் டோரன் எழுதியபோது, வேலையை யார் செய்யப் போகிறார் என்று குறிப்பிடுவது ஐந்து நிபந்தனைகளில் ஒன்று. பின்னால் வந்த பலர் அதை எடுத்துவிட்டு, எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆளை மறந்துவிட்டு உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. படிவத்தை நிரப்புகிறவர் எப்போதும் ஜனவரிக்காரர்தானே.

வள்ளுவர் முதல் கலாம் வரை பெரிதாக நினைக்கச் சொல்லியிருக்க, பார்க்கில் ஒரு சுற்றோடு நிற்பதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கடினமான, தெளிவான இலக்கு வைத்தவர்கள் ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று விடப்பட்டவர்களைவிட நன்றாகவே செய்கிறார்கள் என்பது எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல பத்தாண்டு உழைத்து நிறுவிய முடிவு. ஆனால் இலக்கு வைத்தவருக்கு அதில் பிடிப்பு வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவ்வப்போது தெரிய வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். மலை உயரமாக இருக்கட்டும். ஏறப்போகிறவரின் முழங்காலையும் விசாரிக்கச் சொல்கிறேன். எதிர்க்கட்சி இன்னொன்று உண்டு: இந்தச் சபதங்களே பித்தலாட்டம், நாங்கள் எடுப்பதே இல்லை என்று தத்துவம் பேசுகிறவர்கள். 2002-இல் ஜான் நார்கிராஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குக் கசக்கும். ஒரே மாதிரி மாற விரும்பிய இரண்டு கூட்டத்தில், புத்தாண்டுச் சபதம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் தாக்குப்பிடித்தார்கள்; எடுக்காதவர்களில் 4 சதவீதம். தத்துவத்துக்கு டெபாசிட் போய்விட்டது.

சபதம் முறிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் இருக்கிற வசதி வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற நாட்களை ஒட்டி ஜிம்மில் கூட்டம் கூடுகிறது என்று 2014-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. நமக்கு ஜனவரி 1 சொதப்பினால் இரண்டே வாரத்தில் தை முதல் நாள். அதுவும் போனால் நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1, பின்னாலேயே சித்திரை 1, கடைசியில் விஜயதசமி. 2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011-இல் மறுபடி சித்திரைக்கே போனது. இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து பிப்ரவரிக்காரருக்குச் செய்த ஒரே நன்மை அது. நடுவில் ஆடி வருகிறது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது பெரியவர்கள் வைத்த இலக்கு. சபதமும் இல்லாமல், டைரியும் இல்லாமல், வருஷம் தவறாமல் அதை ஜனவரிக்காரரும் பிப்ரவரிக்காரரும் ஒருமனதாக நிறைவேற்றுகிறார்கள்.