டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது

மேலூர் பஸ்ஸிலோ சிவகங்கை பஸ்ஸிலோ வந்து மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி, மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்தபடி கடை தேடி வருகிறவர்கள் சொல்லும் புகார்களில் ஒன்று மட்டும் இத்தனை வருடங்களில் மாறவே இல்லை. "அண்ணே, லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஆனா உள்ள போக மாட்டேங்குது. கருப்பு ஸ்கிரீன்ல என்னமோ இங்கிலீஷ்ல வருது." அந்த 'என்னமோ' கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். நோ பூட்டபிள் டிவைஸ் என்று ஒன்றில் வரும்; பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட் என்று இன்னொன்றில் வரும். விஷயம் ஒன்றுதான். கணினி விழித்துக்கொண்டுவிட்டது, விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை.

அடுத்து அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "ஊர்ல ஒரு கடையில காட்டினோம். ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டா சரியாயிரும்னாங்க." இதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலேயே அழிக்கச் சொல்லிவிடுகிறார்கள். கல்யாண ஃபோட்டோ, புராஜெக்ட் ரிப்போர்ட், கடைக்கணக்கு, செத்துப்போன அப்பாவின் குரல் பதிவு எல்லாம் அதில்தான் இருக்கும்.

இந்த பஸ் நிலையம் 1999-ல் திறந்தபோது இந்தப் பக்கம் கணினி என்றாலே டிடிபி சென்டர்தான். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் பேஜ்மேக்கரில் வடிவமைத்து, ஃபிளாப்பியில் போட்டு அச்சகத்துக்கு அனுப்புவார்கள். அன்றைக்கு 'டிஸ்க் எரர்' என்று ஃபோன் வந்தால் நாங்கள் முதலில் சொல்வது, ஃபிளாப்பி டிரைவில் ஏதாவது மாட்டியிருக்கிறதா பாருங்கள் என்பதுதான். முந்தின நாள் வேலை பார்த்த ஃபிளாப்பியை எடுக்காமல் விட்டிருப்பார்கள். கணினி முதலில் அதில் விண்டோஸைத் தேடும், இல்லையென்றதும் நின்றுவிடும். உருவிவிட்டு ஒரு விசையைத் தட்டினால் போதும். அதுவும் சரிவரவில்லை என்றால்தான் கேபினெட்டைத் திறப்போம். நாற்பது முனை கொண்ட பட்டையான ஐடிஇ கேபிள் ஒன்று ஹார்டு டிஸ்க்குக்குப் போகும். எலி கடித்திருக்கும், அல்லது புதிதாக சிடி டிரைவ் மாட்டினவர் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரை இரண்டிலும் ஒரே மாதிரி வைத்திருப்பார். சரிசெய்துவிட்டு, கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸில் 'ஆட்டோ டிடெக்ஷன்' கொடுத்தால் டிஸ்க்கின் பெயர் திரையில் வந்து நிற்கும். பெயர் வந்தால் பிழைத்தது என்று கடைக்காரர் மூச்சு விடுவார்.

அதே 1999 ஏப்ரல் 26-ல் சிஐஎச் வைரஸ் உலகெங்கும் வேலையைக் காட்டியது. இந்தியாவிலும் பல கணினிகள் படுத்தன. ஹார்டு டிஸ்க்கின் முதல் ஒரு எம்பியை அது அழித்துவிடும். சில போர்டுகளில் பயாஸ் சிப்பையே கெடுத்துவிடும். டிஸ்க் காலி என்று நினைத்துப் பலர் ஃபார்மட் செய்துவிட்டார்கள். உண்மையில் அழிந்தது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் முகப்புப் பகுதிதான். ஃபேட்32 டிஸ்க்குகளில் அந்தக் கோப்பு அட்டவணைக்கு இரண்டாவது பிரதி ஒன்று உண்டு. பெரும்பாலும் அது வைரஸ் தொட்ட எல்லைக்கு அப்பால் இருந்தது. பொறுமையாக இருந்தவர்களுக்குக் கோப்புகள் திரும்பக் கிடைத்தன. இந்தத் தொழிலின் முதல் பாடமே எனக்கு அதுதான்.

பத்து வருடம் கழித்து இன்னொன்று. 2008-ன் கடைசியில் சீகேட் பாராகுடா 7200.11 வரிசை டிஸ்க்குகளில் ஃபர்ம்வேர் கோளாறு ஒன்று வெளியே வந்தது. நேற்றுவரை ஓடிய டிஸ்க் காலையில் ஆன் செய்தால் பயாஸிலேயே தெரியாது. உள்ளே எல்லாத் தரவும் அப்படியே பத்திரமாக இருக்கும். ஃபர்ம்வேர் மட்டும் ஓயாமல் 'பிஸி' என்று சொல்லிக்கொண்டு யாருக்கும் கதவு திறக்காது. டிஸ்க்கின் பின்புறமுள்ள சின்ன முனைகளில் சீரியல் கேபிள் கொடுத்து, சில கட்டளைகளைத் தட்டி அதை எழுப்பினார்கள் கைதேர்ந்தவர்கள். கம்பெனியும் 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டு புது ஃபர்ம்வேர் வெளியிட்டது. 'டிஸ்க் இல்லை' என்று கணினி சொன்னதை நம்பி அன்று குப்பையில் போனவை எத்தனையோ.

மதுரை வட்டாரத்தில் இந்தப் புகார் வீட்டுக்கு வீடு வந்தது அரசு மடிக்கணினிக்குப் பிறகுதான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம். எட்டு ஒன்பது வருடத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்குப் போனது. அதுவரை டவுனுக்குள் மட்டுமே பார்த்த கணினி கொட்டாம்பட்டியிலும் திருவாதவூரிலும் வாசல் திண்ணைக்கு வந்தது. பல வீடுகளில் அந்தத் தலைமுறை முழுவதற்கும் அதுதான் முதல் கணினி. இதைப் பெரிய காரியமாகவே நான் நினைக்கிறேன், இன்றும்.

முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பையன்களுக்கு லினக்ஸ் இருக்கும் இடம் வீணாகத் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்தப் பார்ட்டிஷனை அழித்து, கிடைத்த இடத்தைப் படம் ஏற்ற வைத்துக்கொள்வார்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விண்டோஸும் வராது, லினக்ஸும் வராது. 'குரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பட்டியலைக் காட்டுகிற குரப்பின் மிச்சப் பாகம் அழித்த இடத்தில்தான் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. விண்டோஸ் சிடியில் பூட் செய்து, கட்டளைத் திரையில் ஒரே வரி அடித்தால் பழையபடி விண்டோஸ் வந்துவிடும்; ஒரு கோப்புகூடப் போகாது. இதற்கும் ஃபார்மட் அடித்துக் காசு வாங்கிய கடைகள் உண்டு என்பது எனக்கு ஆறாத கோபம்.

அப்போது உண்மையிலேயே டிஸ்க் போன மடிக்கணினிகளும் நிறைய வந்தன. 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. பகலும் இரவுமாகப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. பாட்டரி தீர்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். மூடி வைத்தால் தூங்கிவிடும் என்று நம்பிச் சுழல்கிற டிஸ்க்கோடு பையில் போட்டு, பஸ் மேல்தட்டில் வைத்து வருவார்கள். டிஸ்க் நலமா என்று பார்க்க அன்று ஒரு கருவியும் வேண்டாம், காது போதும். கழற்றி யுஎஸ்பி கேஸில் மாட்டி, உள்ளங்கையில் வைத்துக் காதருகே கொண்டுபோவேன். நல்ல டிஸ்க் மெல்லிய இரைச்சலோடு வேகம் பிடித்து, ஒருமுறை கரகரத்து அமைதியாகும். தலை அடிபட்டது 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் அடித்து நின்றுபோகும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கரண்டைப் பிடுங்கிவிட வேண்டும். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டில் இன்னும் கொஞ்சம் உரியும். சத்தம் சுத்தமாக இருந்து, படிக்க மட்டும் திணறினால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து முதலில் டிஸ்க் முழுவதையும் நகல் எடுத்துவிட்டு, நகலில் வேலை பார்ப்பேன்.

இன்று வருகிற மடிக்கணினியில் காது வைக்க ஒன்றுமில்லை. சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எம்.2 அட்டை போர்டில் படுத்திருக்கிறது. சுழலாது, கரகரக்காது, விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். வேகத்தில் பழைய டிஸ்க் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் போகிறபோது சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

பார்க்கிற முறை மட்டும் பழையதுதான். ஆன் செய்து எஃப்2-வோ எஃப்10-ஓ தட்டி பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அட்டை நழுவியிருக்கலாம், போர்டு கெட்டிருக்கலாம், அட்டையே செத்திருக்கலாம். முதலில் கழற்றித் துடைத்து அழுத்தி மாட்டிப் பார்ப்பேன். பெயர் வருகிறது, ஆனால் பூட் ஆகவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டிலுள்ள சின்ன பாட்டரி தீர்ந்துவிட்டது; அதோடு டிஸ்க்கின் இயங்குமுறையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கும். பழைய லெகசி முறையில் போட்ட விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் தெரியாது. இன்டெல்லின் பதினோராம் தலைமுறையிலிருந்து இன்னொன்று சேர்ந்திருக்கிறது. விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருந்தால், பயாஸில் நன்றாகத் தெரிகிற டிஸ்க் விண்டோஸ் போடும் திரையில் தெரியாமல் போகும். அதற்கு டிரைவர் ஒன்றை பென்டிரைவில் கொடுக்க வேண்டும். அது தெரியாமல் 'டிஸ்க் போச்சு, மாத்தணும்' என்று எழுதிக்கொடுத்த சீட்டோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், பொறியியல் கடைசி வருடம். மடிக்கணினி கைதவறி விழுந்திருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் பயாஸில் எதையெதையோ மாற்றி, செக்யூர் பூட்டையும் ஆஃப் செய்து பார்த்திருக்கிறார். பின்மூடியைத் திறந்தேன். அட்டையைப் பிடித்திருந்த திருகு கழன்று, முனை அரைகுறையாக எழும்பி நின்றது. அழுத்தி முடுக்கிவிட்டு ஆன் செய்தேன். பயாஸில் பெயர் வந்தது. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி நீலத்திரை: பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டது, 48 இலக்கம்.

"கீயா? எனக்கு எதுவும் குடுக்கலையேண்ணே."

"வாங்கினப்ப முதல்ல யாரு மெயில் ஐடி போட்டா?"

யோசித்தாள். "எங்க அண்ணன். திருப்பூர்ல இருக்காப்ல."

புது விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தால் பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். செக்யூர் பூட்டைத் தொட்டாலோ போர்டை மாற்றினாலோ சாவி கேட்கும். அண்ணனுக்கு அடித்தோம். பனியன் கம்பெனி இரைச்சலுக்கு நடுவே அவர் கணக்கைத் திறந்து, ஆறு ஆறாகப் பிரித்து எண்களைப் படித்தார். இந்தப் பக்கம் ராமநாதபுரம் பஸ் கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு எண்ணையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துத் தட்டினாள். விண்டோஸ் திறந்தது. முதலில் புராஜெக்ட் ஃபோல்டரைத்தான் பார்த்தாள்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. கடைக்காரர் தன் மெயிலையே போட்டுக் கொடுத்திருப்பார். இப்போது கடையே இருக்காது. டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இருக்காது, கோப்புகள் எல்லாம் முழுசாக இருக்கும், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அன்று அடிபட்ட டிஸ்க்கிலிருந்தே பாதி ஃபோட்டோவாவது எடுத்துக் கொடுத்துவிடுவோம். இன்று முழு ஆரோக்கியமான டிஸ்க்கை மேசையில் வைத்துக்கொண்டு கைவிரிக்க வேண்டியிருக்கிறது. பூட்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் திருடுபோகிற மடிக்கணினியில் ஒரு பெண்ணின் படங்கள் இருந்தால் அந்தப் பூட்டுதான் அவளைக் காக்கும். உடைமைக்காரருக்கே சாவி தெரியாமல் பூட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. மறுபடியும் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி. கொடுக்கிற நாளிலேயே கல்லூரியில் அரை மணி நேரம் ஒதுக்கி, அவரவர் மெயிலில் அவரவரே நுழைந்து, பூட்டு போட்டிருந்தால் அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, ஆதாரும் ரேஷன் கார்டும் வைக்கிற பையில் வைக்கச் சொல்ல வேண்டும். பென்டிரைவில் ஒரு நகல் எடுக்கவும் அதே மூச்சில் கற்றுக்கொடுத்துவிடலாம். துறைத்தலைவர்கள் யாராவது கூப்பிட்டால் நானே வந்து சொல்லிக்கொடுக்கிறேன். மாட்டுத்தாவணியிலிருந்து எந்தக் கல்லூரிக்கும் பஸ் இருக்கிறது.