தூறல் விட்ட பிறகு ரூவான்

கே: இம்ப்ரஷனிச ஓவியங்களில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் உங்கள் கை எதன் மேல் போகும்?

ப: கமீல் பிஸ்ஸாரோ 1896-இல் தீட்டிய ஈர நாள் ரூவான். பிரான்சின் ரூவான் நகரம், சேன் நதி, அதன் மேல் புவல்தியூ இரும்புப் பாலம், பாலம் கொள்ளாத ஜனம், வண்டிகள், அக்கரையில் புகைபோக்கிகள். டொரண்டோவில் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது.

கே: ஒரு துளி மழையைக்கூடக் காணோமே. பிறகு எப்படி ஈரம்?

ப: தரையைப் பாருங்கள். காய்ந்த தரைக்குத் தன் நிறம். நனைந்த தரைக்கு வானத்தின் நிறம். அதனால்தான் மழைக்குப் பிறகு தெரு பளிச்சென்று ஆகிறது, அதன் மேல் நடக்கிற ஆள் கறுத்துத் தெரிகிறான். கறுப்பையும் வெள்ளையையும் குழைத்தால் சாம்பல் நிறம் வந்துவிடும், ஆனால் செத்த சாம்பலாக இருக்கும். இம்ப்ரஷனிச ஓவியர்கள் நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் கலந்து அதை வரவழைத்தார்கள். மூட்டமான வானத்துக்குள்ளும் வெளிச்சம் ஊறி நிற்பது அதனால்தான்.

கே: நனைந்துகொண்டா வரைந்தார்?

ப: ஓட்டல் ஜன்னலிலிருந்து. கண்ணீர்ப் பையில் தீராத தொற்று. காற்றும் தூசியும் ஆகாது. வயல்வெளியில் நின்றே பல வருடம் வரைந்த மனிதருக்கு 65 வயதில் இப்படி ஒரு கட்டுப்பாடு. அவர் முடங்கவில்லை. பல கான்வாஸ்களைத் தயாராக வைத்துக்கொண்டு, வெயில் வந்தால் ஒன்று, மூடுபனி இறங்கினால் இன்னொன்று என்று மாற்றி மாற்றித் தீட்டினார். அந்த வருடமே இரண்டாவது தடவையும் ரூவானுக்குப் போனார்.

கே: அதே ஊரில் இன்னொரு இம்ப்ரஷனிச ஓவியர் மோனே கதீட்ரலை வரைந்தார். இவருக்குப் புகைபோக்கிதான் கிடைத்ததா?

ப: கதீட்ரலையும் வரைந்தார், பழைய வீட்டுக் கூரைகளுக்கு மேலே எழுகிற மாதிரி. மோனேயின் கதீட்ரல் வரிசை மீது அவருக்கு அபார மரியாதை. ஆனால் மனசு ஒட்டியது அக்கரை சேன்-செவேர் பக்கம். தொழிற்சாலை, ரயில் நிலையம், சரக்கு இறக்கும் துறை. உழைப்பவர்கள் பக்கம் நின்ற அராஜகவாதி அவர். வேலைக்குப் போகிறவர்களின் ஊரை, புகையைத் துடைக்காமல், கதீட்ரலுக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு தீட்டினார். நான் அவரை நேசிப்பது இதற்காகத்தான்.

கே: ஆறு கரை தாண்டினால்?

ப: அதற்கு ஆல்ஃப்ரெட் சிஸ்லி. 1876-இல் போர்-மார்லியில் சேன் ஊருக்குள் வந்தபோது, தண்ணீரில் நிற்கும் ஒயின் கடையை வரைந்தார். ஓலமே இல்லை, அகன்ற வானம், படகு, கடையைச் சுற்றி அசையாத வெள்ளம். வறுமையிலேயே 1899-இல் இறந்தார். அந்த வெள்ள ஓவியங்களில் ஒன்று மறுவருடமே 43,000 பிராங்குக்கு விலை போனது. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

கே: டொரண்டோ எங்கே, நான் எங்கே? போனில் பார்த்தால் போதாதா?

ப: தாராளமாகப் பாருங்கள். முதலில் பாலத்தில் ஒரே ஒரு ஆளைப் பெரிதாக்குங்கள்: முகம் கிடையாது, சில தீற்றல்கள், அவ்வளவுதான். பிறகு மெல்லச் சிறிதாக்குங்கள். அவர் நடக்க ஆரம்பிப்பார்.