கால் சுத்து அண்ணன்

"தம்பி, முன் ஸ்க்ரூ கால் சுத்து கூடிருச்சு. அதான் மூணாவது குண்டு இடது பக்கமா ஓடிருச்சு."

அண்ணன் கையால் இதுவரை ஒரு குண்டுகூடத் தப்பியதில்லை. தப்பியதெல்லாம் ஸ்க்ரூவால்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து மதுரை துப்பாக்கி ரேஞ்சுக்கு என் காரில், என் பெட்ரோலில்தான் வருவார். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போதே சட்டைப்பையில் ஆலன் கீ கிலுகிலுக்கும். ரேஞ்சில் எல்லோரும் குப்புறப் படுத்து மூச்சைச் சீராக்கிக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் ரைபிளை மல்லாத்திப் போட்டு வைத்தியம் பார்ப்பார்.

விஷயம் இல்லாமலும் இல்லை. எங்கள் பாயிண்ட் டூ டூ ரைபிளில் இரும்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ரெண்டே ஸ்க்ரூ. இறுக்கம் மாறினால் பேரலின் அதிர்வு மாறும், குண்டுகள் ஒரே இடத்தில் விழும் குரூப்பிங் சிதறும். ஐம்பது மீட்டரில் பத்து மார்க் வளையம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. புது மேட்ச் ரைபிளுக்கு வீட்டை அடகு வைக்கணும். ஸ்க்ரூ திருகக் காலணா வேண்டாம்.

ஆனால், சரியான இறுக்கம் கிடைத்தால் அதோடு விட்டுவிடணும். அண்ணன் விடுவாரா? அஞ்சு ரவுண்டு, கால் சுத்து இறுக்கல். அஞ்சு ரவுண்டு, கால் சுத்து தளர்த்தல். நடுவில் கன்னக்கட்டைக்கு அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு வேறு. எதனால் தேறியது, எதனால் கெட்டது என்பது வீரபாண்டி கௌமாரியம்மனுக்கே வெளிச்சம்.

அந்த அம்மனின் சித்திரைத் திருவிழாவிலும் விடவில்லை. பலூன் சுடும் கடையில் பத்துக்குப் பத்தும் தவறவிட்டு, "ஸ்க்ரூ லூஸு, ஆலன் கீ இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். அதே துப்பாக்கியில் பேத்தி ஆறு பலூன் உடைத்தாள். "அதான் நான் சுட்டுச் சுட்டு செட் ஆயிருச்சுல்ல!"

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், இதே பாயிண்ட் டூ டூவில், ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார். ரயில்வே டிக்கெட் பரிசோதகர் என்று பேப்பரில் படித்துக் காட்டினேன். அண்ணன் பெருமூச்சு விட்டார்: "ரயில்வேல ஸ்பேனருக்கா பஞ்சம்!"

திட்டவும் மனசு வராது. பழைய பேன்ட் காலை வெட்டித் தைத்து, மணலை நிரப்பி, ரைபிளைத் தாங்க எனக்கொரு மூட்டை கொடுத்தார். சல்லிக்காசு செலவில்லை. அதன்மேல் வைத்துச் சுட்டதும்தான் என் ரைபிளின் உண்மையான குரூப்பிங்கே எனக்குத் தெரிந்தது. மிச்சப் பிழையெல்லாம் என்னுடையது என்பதும். அந்த மூட்டையில் அண்ணன் மட்டும் சுட்டதே இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

தாங்க முடியாதது ஒன்றுதான். ஒரு ரைபிளுக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரே கம்பெனியில் ஒரு லாட் சேரும், அடுத்தது சேராது. அந்தச் சோதனைக்கு அண்ணன் காசு போட்டு நான் பார்த்ததில்லை. "உன் டப்பாவுல அஞ்சு குடு தம்பி, பாத்துருவோம்." போன ஞாயிறு ஐம்பது தோட்டா டப்பா பிரித்தேன். நான் சுட்டது பன்னிரண்டு.

அண்ணன் குறி தப்பாமல் சுடுவது அந்த டப்பா ஒன்றைத்தான்.