காந்தாரம் தூக்கலாக இருக்கிறது

மின்சாரக் கிதார் வாங்கப் புறப்படுகிறவன் கையில் எண்ணாயிரம் ரூபாய் மட்டும் இருந்தால் அவனுக்குக் கவலையே இல்லை. கடையில் அந்த விலைக்கு இருப்பது இரண்டு தினுசுதான், சிவப்பா கறுப்பா என்று தீர்மானித்துவிட்டால் விஷயம் முடிந்தது. அவன் லக்ஷாதிபதியாக இருந்தாலும் கவலை இல்லை. இரண்டு லக்ஷத்தை எண்ணி வைத்துவிட்டு, இனிமேல் கேட்கப்போகும் அபஸ்வரங்களெல்லாம் தன் விரல்களுக்கே சொந்தம் என்று கௌரவமாக ஒப்புக்கொண்டுவிடுவான். இந்த இருவருக்கும் நடுவில், நாற்பதாயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் அனுதாபத்துக்குரியவன். ஏனென்றால், தோஷம் வாத்தியத்தினுடையதா, வாசிக்கிறவனுடையதா என்று எந்த ஜோசியராலும் கணித்துச் சொல்ல முடியாத விலை அது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பிராவிடண்ட் பண்டில் ஒரு சிறு பங்கை இந்த நடு விலைக்கு அர்ப்பணம் செய்துவிட்டு அந்த அனுதாபத்துக்கு நானும் பாத்திரனானேன்.

சென்னை அண்ணா சாலையில் நான் நுழைந்த கடையில் சுவர் முழுவதும் கிதார்கள் தொங்கின. விசாரித்துப் பார்த்ததில், அவற்றில் பெரும்பாலானவை மூன்றே மூன்று மூல விக்கிரகங்களின் பிரதிகள் என்று விளங்கிற்று: 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது ஒன்று, 1952-இல் கிப்ஸன் கம்பெனியார் வெளியிட்ட லெஸ் பால் ஒன்று, 1954-இல் பிறந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று. ஆக, புத்தம் புதிய சரக்கு என்று பையன் எடுத்துக் காட்டியவற்றுள் என்னைக் கண்டு எழுந்து நிற்க வேண்டிய வயதில் ஒன்றுமே இல்லை. பெயிண்டு உரிந்து, பலகை தேய்ந்து, ஐம்பது வருஷம் அடிபட்டதுபோல் தொழிற்சாலையிலேயே சிதைத்து அனுப்பப்படும் ரகமும் உண்டென்றும், அதற்கு விலை அதிகம் என்றும் அவன் சொன்னபோது, வயோதிகத்துக்கு இத்தனை மதிப்புக் கொடுக்கும் துறை இவ்வுலகில் வேறொன்று இருக்குமா என்று என் மனம் நெகிழ்ந்து போயிற்று.

"சார், உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று அவன் பணிவாகவே கேட்டான். இந்தக் கேள்விக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். மேற்சொன்ன மூன்றில் இரண்டைச் சிருஷ்டித்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடைசிவரை கிதார் வாசிக்கக் கற்றுக்கொள்ளாதவர். செய்கிறவருக்கே அவசியப்படாத வித்தை வாங்குகிறவனுக்கு முன்கூட்டியே எதற்கு என்ற என் வாதத்தைக் கேட்டு, பையன் மறுவார்த்தை பேசாமல் அடுத்த கிதாரை இறக்கினான்.

அதன் விரல்பலகையைத் தடவிக்காட்டி, "இண்டியன் ரோஸ்வுட் சார்" என்றான், ஏதோ சீமைச் சரக்கைச் சொல்வதுபோல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நம் பாட்டனார்கள் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் அறுத்துத் தீர்த்த அதே ஜாதி மரம்தான், இப்போது இந்தோனேஷியாவில் ஒட்டுவேலை முடிந்து, ஆங்கிலப் பெயரோடும் சுங்க வரியோடும் என் முன்னால் வந்து நின்றது. சொந்தக்காரனைக் கைவிட மனம் வரவில்லை, அதையே வாங்கினேன்.

வாங்கிய பிறகல்லவா வேலை ஆரம்பமாகிறது! நாற்பதாயிரம் ரூபாய்க் கிதாரின் மரத்தையும் இரண்டு லக்ஷத்துக் கிதாரின் மரத்தையும் இக்காலத்தில் கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்கும் இயந்திரங்களே மயிரிழை பிசகாமல் அறுக்கின்றன. பெரிய விலை கொடுப்பவன் அதிகமாக வாங்குவது, எல்லாம் முடிந்தபின் ஒரு தேர்ந்த கைவினைஞர் அதை மடியில் போட்டுக்கொண்டு செலவிடுகிற பொறுமையைத்தான் என்பது என் அபிப்பிராயம். நடு விலைக்காரனுக்கு அந்தப் பொறுமை பெட்டியில் வருவதில்லை. அதற்குப் பதிலாக இரண்டு ஆலன் கீ வருகிறது.

கழுத்துக்குள்ளே டிரஸ் ராட் என்றொரு இரும்புக் கம்பி ஒளிந்திருக்கிறது. தந்திகள் இழுக்கிற இழுப்பில் கழுத்து வளைந்துபோகாமல் எதிர்த்து நிற்பது அதன் உத்தியோகம். முற்றிலும் நிமிர்ந்துவிட்டாலும் தந்திகள் கரகரக்கும். ஆகையால் இம்மி வளைவு வேண்டும். ஃப்ரெட் என்னும் மெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் தந்தியை அழுத்திக்கொண்டு நடுவே பார்த்தால், ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் இடைவெளி தென்பட வேண்டும் என்கிறார்கள். அது ஒரு விசிட்டிங் கார்டின் கனம். பதவி போன பிறகு பீரோவில் கட்டுக் கட்டாகத் தேங்கிக் கிடந்த என் கார்டுகளில் ஒன்று, சர்வீஸில் இருந்தபோது எந்த வாசலிலும் கிடைக்காத சுலபத்துடன் அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. சென்னையின் ஐப்பசி மழைக்கு மரம் ஒரு மாதிரியும், ஏ.சி. அறையில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதால், இந்தச் சோதனையைப் பருவத்துக்குப் பருவம் நடத்த வேண்டியிருக்கிறது.

தந்தியின் உயரத்தை 17-வது ஃப்ரெட்டில் 1.6 மில்லிமீட்டராக வைத்தது பெரிய காரியமல்ல. பிரிட்ஜ் என்னும் குதிரைதான் மனிதனைச் சோதித்துவிட்டது. பின்புறம் ஸ்பிரிங்குகளும் முன்புறம் ஆறு தந்திகளும் எதிரெதிராக இழுக்க, இடையில் அது மிதக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு நாட்டுப்பெண்ணுக்கு மட்டும் பட்டுப்புடவை எடுத்தால் மற்ற ஐவர் முகமும் வாடிவிடுவதைப்போல, ஒரு தந்தியை ஏற்றினால் மற்ற ஐந்தும் சுருதி இறங்கிவிடுகின்றன. சுற்றிச் சுற்றி வந்து ஆறையும் சமாதானம் செய்வதற்குள் காப்பி ஆறிவிடும். கழுத்தின் தலைப்பில் இருக்கும் நட்டின் பள்ளங்களில் தந்தி சிக்கிச் சுருதி தவறியபோது, பென்சில் கரியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று வடபழனியில் கிதார் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் சொன்னார். தேய்த்தேன்; போயிற்று. நாற்பதாயிரத்துக்குக் கிடைக்காத குணம் பேரனின் பென்சிலில் கிடைத்தது.

ஆம்பில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது தந்தியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் 50 சைக்கிள் அதிர்வையும் பக்ஷபாதமின்றிப் பிடித்துக்கொள்ளும் வஸ்து. எதிரெதிர்ச் சுருள்கள் இரண்டைச் சேர்த்து இந்த இரைச்சலை ரத்து செய்யும் ஹம்பக்கரைக் கிப்ஸனில் வேலை பார்த்த ஸெத் லவர் 1955-இலேயே செய்து முடித்தார். என் கிதாரில் பிரிட்ஜின் பக்கம் அது ஒன்று இருக்கிறது. ஆனால் இனிமை என்னவோ ஒற்றைச் சுருளில்தான் இருக்கிறது. 50 சைக்கிள் என்பது மேல்நாட்டு ஜி ஸ்வரத்துக்கு வெகு சமீபமாதலால், மின்சாரம் தம்பூராப் போடுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசியில் இன்டொனேஷன். தந்தியை அழுத்தும்போது அது சற்றே இழுபட்டுச் சுருதி ஏறுவதால், 12-வது ஃப்ரெட்டில் ஒவ்வொரு தந்தியையும் சோதித்து, ஏறியிருந்தால் பிரிட்ஜில் அதைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இளமையில் வீணை பயின்ற என் மனைவி இதுவரை திரும்பிப் பாராதவள், இப்போது அருகில் வந்து உட்கார்ந்தாள். வீணையில் குதிரை அசையாமல் நிற்க, மெழுகில் பதித்த 24 மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி மேளம் கட்டுவார்கள். இங்கே மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டுக் குதிரை நகர்கிறதே என்று அவளுக்கு வேடிக்கை. ஆறு தந்திகளுக்கும் ட்யூனர் பச்சை விளக்குக் காட்டியபின் ஈ மேஜர் என்னும் ஸ்வரக்கூட்டை வெற்றிப் பெருமிதத்தோடு மீட்டினேன்.

"காந்தாரம் தூக்கலா இருக்குங்க" என்றாள்.

ட்யூனரைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஃப்ரெட் முனைகளைத் தேய்த்து, இன்டொனேஷனையும் ஒரு முறை சரிபார்த்துக் கொடுக்க மறுநாள் வீட்டுக்கு வந்த வடபழனி இளைஞரிடம் வழக்கை ஒப்படைத்தேன். ஒரு ஸ்தாயியை 12 சம பாகங்களாகப் பங்கிட்டு, ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் 1.0595 என்ற விகிதத்தில் அறைந்திருப்பதாகவும், அந்தக் கணக்கில் விழும் காந்தாரம், தம்பூராவில் தானாக எழுகிற அந்தர காந்தாரத்தைவிட அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு உயர்ந்தே நிற்கும் என்றும் அவர் விளக்கினார்.

"அம்மா காது சரி சார். கிதாரும் சரிதான்" என்று தீர்ப்பளித்தார்.

"மூணாவது தந்தியைக் கொஞ்சம் இறக்கினா சரியாயிடுமே, தம்பி?" என்றாள் மனைவி.

"இதுக்குச் சரியாயிடும்மா. ஆனா ஜி மேஜர் கெட்டுடும்."

"அப்போ இவர் அதை வாசிக்க வேண்டாம்."

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் ட்யூனரைப் பார்த்தேன். பிறகு அவர், இன்டொனேஷனுக்கென்று பில்லில் எழுதியிருந்த தொகையைத் தாமாகவே அடித்துவிட்டு, மூன்றாவது தந்தியை இறக்கினார்.