புளியங்குளத்துப் பனியும் கனடாக் கோட்டும்

தம்பியவை, பிள்ளையள், மார்கழி பிறந்திட்டுது. இனிப் புளியங்குளத்தில சின்னப் பிள்ளையளை அடையாளம் காணேலாது. தலைக்கு ஒரு தொப்பி, தொப்பிக்கு மேல ஒரு துவாய், உள்ளுக்கு ரெண்டு பெனியன், வெளியில சுவெட்டர், காலுக்கு மேசு. முன்பள்ளிக்குப் போற வழியில எதிர்ப்பட்டால் ஆற்ற பிள்ளை எண்டு மூக்கைப் பாத்துத்தான் சொல்லவேணும். மூக்கு ஒண்டுதான் வெளியில கிடக்கும். அதுவும் ஒழுகிக்கொண்டு கிடக்கும்.

நான் குறை சொல்லேல்லை. நீங்கள் படிச்ச சனம். உலகத்தையே போனுக்குள்ள வைச்சுத் தடவுறியள். நான் மாட்டுக்குப் பின்னால திரிஞ்ச கிழவன், எனக்கு என்ன தெரியும்? ஒரு சந்தேகம் கிடக்குது, அதை மட்டும் கேட்டிட்டுப் போறன்.

வவுனியாப் பக்கத்தில தை மாதத்து விடியப்புறம் எவ்வளவு குளிர் எண்டு உங்கட போனிட்டயே கேட்டுப் பாருங்கோ. இருபது, இருபத்தொரு பாகை எண்டு சொல்லும். நுவரெலியாவில அது பத்துக்குக் கீழயும் இறங்கும். நோர்வேயில சைபரையும் தாண்டிக் கீழ போகும். அந்தக் குளிரில அந்த நாட்டுச் சனம் கைக்குழந்தையை வடிவாப் போத்தி, தள்ளுவண்டிலில வைச்சு, பகல் நித்திரைக்கு வெளியில விடுறது. எங்கட ஆக்கள் எத்தினை பேர் அங்க இருக்கினம், கேட்டுப் பாருங்கோ. இங்க எண்டால் பிள்ளையை விறாந்தைக்குக் கொண்டு வரவே மாமியாரிட்ட அனுமதி எடுக்கவேணும்.

எங்கட வேலிக்கு அங்கால ஒரு பொடியன் இருக்கிறான். நாலு வயசு. கனடாவில இருக்கிற மாமி அவனுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறா. கழுத்தைச் சுத்தி உரோமம் வைச்சுத் தைச்சது. அதைப் போட்டால் பொடியனுக்குக் கை ரெண்டும் உடம்போட ஒட்டாது, விரிச்சபடி நிப்பான். வீடியோக் கோலில மாமியின்ர பிள்ளை பனிக் குவியலுக்குள்ள குதிக்குது, இவன் கோட்டுக்குள்ள வேர்த்துக்கொண்டு அதைப் பாத்து நிக்கிறான். வேர்வையில முதுகு நனைஞ்சு, அந்த ஈரம் உடம்போட கிடந்து, பின்னேரம் பிள்ளை கொடுகுது. தாய்க்காறி உடன மாமிக்குப் போன் போட்டுக் கேக்கிறா: “உதைவிடத் தடிப்பானது இருக்கோ மச்சாள்?”

குளிரைப் பகிடி பண்ணுறன் எண்டு நினையாதேங்கோ. குளிர் கொல்லும். 2022 மார்கழியில மாண்டஸ் புயல் வந்த நாட்களை மறந்திட்டியளோ? வடக்கிலயும் கிழக்கிலயும் நூற்றுக்கணக்கில மாடுகள் விழுந்து செத்தது. சோதிச்சுப் பாத்துக் குளிர்தான் காரணம் எண்டவை. சரி, நான் மாட்டுக்காறன், கொஞ்சம் விளக்கிச் சொல்லுறன். காலபோகம் விதைச்சால் வன்னியில மாட்டுக்கு நிக்க இடமில்லை. வயல் முழுக்கப் பயிர், மேய்ச்சல் தரை முழுக்கத் தண்ணி. அரைவயித்தோட நிக்கிற மாட்டில மழையும் கொட்டி, காத்தும் ஓயாமல் அடிச்சால் அது என்ன செய்யும்? நனைஞ்ச தோல், ஓயாத காத்து, காஞ்ச வயிறு. இந்த மூண்டும் ஒண்டாச் சேர்ந்தால்தான் எங்கட ஊர்க் குளிருக்குக் கொல்லுற பலம் வரும்.

மாட்டுக்கு இது தெரியும். மாரியில ஏ9 வீதியால இரவு பஸ்ஸில வந்திருந்தால் கண்டிருப்பியள். கட்டாக்காலி மாடுகள் தார் ரோட்டில வரிசையாப் படுத்துக் கிடக்கும். ட்ரைவர் ஹோர்ன் அடிச்சால் தலையை மட்டும் திருப்பி ஒரு பார்வை பாக்கும். விசர் பிடிச்சுப் படுக்கேல்லை. ஊரெல்லாம் சேறு, ரோட்டு ஒண்டுதான் காஞ்ச இடம். பகல் கொஞ்சம் வெய்யில் அடிச்சிருந்தால் தாரில சூடும் மிச்சம் இருக்கும். லொறி அடிச்சாலும் பரவாயில்லை, ஈரத்தில படுக்கமாட்டன் எண்டு நிக்குது மாடு. நாங்கள் பிள்ளைக்கு ஈரப் பெனியனுக்கு மேல சுவெட்டரைப் போட்டுப் பொத்தானைப் பூட்டுறம்.

ஆனபடியால் பிள்ளைக்கும் மூண்டே மூண்டுதான். உடுப்பு காஞ்சிருக்கவேணும், காத்து நேரா அடிக்கக்கூடாது, வயிறு நிறைஞ்சிருக்கவேணும். மிச்சமெல்லாம் கடைக்காறன்ர பிழைப்பு.

“அப்ப தடிமன் ஏன் அப்பு வருது?” எண்டு கேப்பியள். குளிர் கொண்டு வாறதில்லை. பக்கத்துப் பிள்ளையின்ர மூக்குக் கொண்டு வருது. தடிமன் எண்டது கிருமி. மழை எண்டு சன்னல் எல்லாம் பூட்டி, ஒரு அறைக்குள்ள நாலு பிள்ளையளை ஒரு போர்வைக்குக் கீழ படுக்கவைச்சு, நடுவில ஒரு போனைக் குடுத்து யூரியூப் போட்டுவிட்டால் கிருமிக்கு வேற என்ன வேணும்? அது ஒரு மூக்கில ஏறி மற்ற மூக்கில இறங்கி நடந்தே திரியும். அதோட குசினிப் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ஈர விறகை ஊதி ஊதி, அந்தப் புகைக்குள்ள “சூடா இருக்கட்டும்” எண்டு கைக்குழந்தையை மடியில வைச்சிருந்தால் மாசி மட்டும் இருமல் நிக்காது, நான் பொறுப்பு. என்ர சுருட்டும் அந்த வகைதான் எண்டு மருமகள் வேலிக்கரைக்கு அனுப்பிப்போட்டா. அங்க பனி கொட்டுது. கிழவனுக்குக் கோட் அனுப்ப ஒரு மாமியும் இல்லை.

இனி வயிற்றுக்கு வருவம். பனங்கிழங்கு கிண்டுற காலம். பாத்தியில கையை வைச்சு இழுக்கவிட்டால் பிள்ளையள் சேறும் சிரிப்புமாத் திரிவினம். அவிச்சுத் தும்பு கிழிச்சு, உப்பும் மிளகும் இடிச்சுத் தொட்டுக் குடுத்தால் வேண்டாமெண்டு சொல்லுற பிள்ளையை நான் காணேல்லை. குரக்கன் ரொட்டி கிடக்குது, உளுத்தங்களி கிடக்குது, ஒடியல் கூழ் கிடக்குது. உதுகள் எல்லாம் பட்டிக்காட்டுச் சாப்பாடு எண்டால் விடுங்கோ, நூடில்ஸ் பக்கட்டை உடையுங்கோ. ரெண்டு நிமிசத்தில அவியும். பசியும் கெதியாத் திரும்பி வரும்.

கிளினிக்கில திரிபோஷ குடுக்கினம். சோளமும் சோயாவும் அரைச்ச மா. பிள்ளைத்தாய்ச்சிக்கும், பால் குடுக்கிற தாய்க்கும், நிறை குறைஞ்ச பிள்ளைக்கும் எண்டு அரசாங்கம் கணக்குப் பாத்துக் குடுக்கிற பக்கட். அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சு, உருண்டை பிடிச்சு, பின்னேரத் தேத்தண்ணியோட தின்னுறது ஆர்? மீசை முளைச்ச தகப்பன். அடுத்த மாதம் கிளினிக்கில தராசைப் பாத்திட்டுக் குடும்பநல மாது தாயை ஏசுறா. தகப்பன் வெளியில மோட்டச்சைக்கிளில இருந்து வடிவாத் தலையாட்டுறார். அவருக்கு நிறை குறையேல்லை.

கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ, வேர்க்கொம்பும் தட்டிப் போடுங்கோ, குடிக்கிற வயசுப் பிள்ளைக்குத் தொண்டைக்கு இதமா இருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும் தாய்ப்பாலை விட ஒரு சொட்டும் வேண்டாம். வன்னித் தேன் நல்ல தேன்தான், நானும் சத்தியம் பண்ணுவன். எண்டாலும் ஒரு வயசு முடியாத பிள்ளையின்ர நாக்கில தடவாதேங்கோ. தேனில இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குடலில வளர்ந்து நஞ்சு சுரக்கும். ஆச்சிமார் கோவிப்பினம். தேன் போத்திலை ஆச்சியிட்டயே குடுத்து, “உங்கட இருமலுக்கு வைச்சிருங்கோ” எண்டு சொன்னால் கோவம் ஆறீடும்.

நீங்கள் குளிருக்குப் பயப்பிடுற பயத்தில கால்வாசியை நான் சொல்லுற இடத்துக்கு மாத்தினால் போதும். முதல் நுளம்பு. வடக்கில டெங்கு கூடுறது இந்த மாரியோடதான். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாத்தையும் கவிட்டு வையுங்கோ. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும்தான், அதுவும் பிள்ளையின்ர நிறைக்குத் தக்க அளவில, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. பார்மசியில “கெதியாக் காய்ச்சல் இறக்கிற மருந்து தாங்கோ” எண்டு வேற ஒண்டை வாங்கினால், டெங்கில இரத்தம் கசியிறதுக்கு வழி திறந்து விட்ட மாதிரி. ரெண்டு நாளைத் தாண்டியும் காயுதெண்டால் இரத்தம் சோதியுங்கோ, நூல் கட்டுறது பேந்து பாக்கலாம்.

அடுத்தது பாம்பு. மாரித் தண்ணி புத்துக்குள்ள போனால் அது வீட்டுக்குள்ள வரும். கட்டு விரியன் இரவில வந்து, நிலத்தில பாய் போட்டுப் படுக்கிற ஆக்களை நித்திரையில கடிக்கும். நோவும் பெரிசாத் தெரியாது. பிள்ளை சாமத்தில எழும்பி வயித்துக்க குத்துது எண்டு அழும், நாங்கள் ஓமத்தண்ணி தேடுவம். அப்பிடி அழுதால், கண் இமை தொய்ஞ்சால், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. ஓடாமல் இருக்க வழி, நுளம்பு வலையைக் கட்டி நாலு பக்கமும் பாய்க்குக் கீழ செருகிறது. ஒரே வலை நுளம்பையும் மறிக்கும், விரியனையும் மறிக்கும். சுவெட்டர் ரெண்டையும் மறிக்காது.

கிணறும் குளமும் இருக்குது. மாரியில கட்டில்லாத கிணத்துத் தண்ணி நிலமட்டத்துக்கு வந்து நிக்கும், எது முற்றம் எது கிணறு எண்டு பிள்ளைக்குத் தெரியாது. வேலியை இண்டைக்கே அடையுங்கோ. குளம் வான் பாயிறதைப் பாக்கப் பிள்ளையளுக்கு ஆசை, எனக்கும்தான். 2018 மார்கழியில இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில கிடந்ததைக் கண்ட ஆக்கள் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு போவினம். வயல் தண்ணிக்குள்ள காலில புண்ணோட இறக்கவும் வேண்டாம். 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் எத்தினை வீட்டைக் கலக்கினதெண்டு தெரியும்தானே.

இனி ஒரு கிழவன் வந்து, “நாங்கள் 2008 நிஷாப் புயலுக்கே தறப்பாளுக்குக் கீழ பிள்ளை வளத்த ஆக்கள், உதெல்லாம் ஒரு குளிரோ?” எண்டு மீசையை முறுக்குவான். நம்பாதேங்கோ. அவன் வளந்த பிள்ளையளை மட்டும்தான் எண்ணுறான்.

பிள்ளையளுக்குக் குளிர் பெரிய விசயமில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணிக்கும் எழும்பாததுகள், திருவெம்பாவை பத்து நாளும் நாலு மணிக்கே சேமக்கலச் சத்தத்துக்கு எழும்பி நிக்குதுகள். பக்தி எண்டு கண் கலங்காதேங்கோ, அவலும் கடலையும்தான். ஒரு வேலையும் ஒரு பிடி அவலும் குடுத்தால் பனிக்குள்ள சங்கு ஊதுறதுக்கு அடிபடுற சாதி அது. பொத்திவைக்க வைக்கத்தான் சிணுங்கும்.

இவ்வளவு நேரமும் தாய்மார் முகத்தைச் சுளிச்சிருப்பியள். தகப்பன்மார் ஒதுங்கி நிண்டு சிரிச்சியள், கண்டனான். இப்ப உங்களோடதான் கதை, தம்பியவை. காஞ்ச உடுப்பு எண்டு லேசாச் சொல்லிப்போட்டன். மாரியில ஒரு பிள்ளையின்ர துணி காயிறதெண்டால் விறாந்தையில கயிறு கட்டவேணும், அடிக்கடி பிரட்டிப் போடவேணும், மழைச்சாரல் அடிக்க ஓடிப்போய் அள்ளவேணும். நிறைஞ்ச வயிறு எண்டால் ஆரோ விடியமுன்னம் எழும்பி விறகு மூட்டவேணும். வலை செருகவேணும், சிரட்டை கவிழ்க்கவேணும், சாமத்தில காய்ச்சல் பாக்கவேணும். இதெல்லாம் ஒரு மனுசி தனியச் செய்யிறா. நீங்கள் போர்வைக்குள்ள கிடந்து, “இந்த முறை குளிர் கூடத்தான்” எண்டு காலநிலை அறிக்கை வாசிக்கிறியள்.

நாளைக்கு விடிய நீங்கள் எழும்பி அடுப்பை மூட்டிப் பாருங்கோ, தம்பி. பிள்ளையின்ர தடிமன் குறையுதோ இல்லையோ, குளிர் எவ்வளவு எண்டு உங்களுக்குச் சரியான கணக்குத் தெரியவரும். போனிட்டக் கேக்கத் தேவையில்லை.