பன்றிக்கு வைத்த கரண்டு

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால், மின்வேலி ஒழுங்குமுறை ஆணையம் டீக்கடையில் கூடும். “கொல்லையில பன்னிக்குக் கரண்டு வச்சிருக்கேன், ராத்திரி அந்தப் பக்கம் வராதீங்க.” அவ்வளவுதான். விண்ணப்பம் இல்லை, ஆய்வு இல்லை, கட்டணமும் இல்லை. அன்றைக்கு டீ குடிக்க வராதவர்களுக்குக் கம்பியே நேரில் தகவல் சொல்லிவிடும்.

மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு ஒயர், முட்டி உயரத்துக்குக் குச்சிகள், சுற்றிலும் கட்டுக்கம்பி, 230 வோல்ட். முறையான சோலார் வேலி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒரு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். பன்றி அலறி ஓடும், பிழைத்தும் கிடக்கும். இந்தக் கட்டுக்கம்பி பிடித்தால் விடாது. தொட்டது பன்றியா, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் கொல்லைக்காரரா என்று அது விசாரிப்பதும் இல்லை. வேலிக்கு மின்சாரம் திருடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். அது பிணம் விழுந்த பிறகுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

பக்கத்தில் விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர்போன ஊர். மின்சாரத்தைக் கடத்தாத பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. பொறுப்பைக் கடத்தாத ஆபீஸ்தான் கிடைக்கவில்லை.

2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. நாடே பதறியது, பதற வேண்டியதுதான். அந்த ஆண்டே விதிகள் வந்தன: காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் மின்வேலி போட்டால் வனத்துறையிடம் பதிய வேண்டும். அதற்கு அப்பால்? அப்பால் யானை வருவது அபூர்வம், கூலிக்குக் களையெடுக்கிறவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை அறிக்கை உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று, தேதியை மட்டும் மாற்றி.

பன்றியே இல்லாவிட்டால் வேலி எதற்கு என்று 2025 ஜனவரியில் அரசுக்குத் தோன்றியது. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறை சுடலாம் என்றார்கள். ஊரில் அதற்கொரு குழு: வி.ஏ.ஓ., வனத்துறைக்காரர், ஊராட்சித் தலைவர். அருமையான ஏற்பாடு! ஆனால் கடலூர் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதே மாதம் 5ஆம் தேதி முடிந்துபோனது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். தலைவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், உட்காரத்தான் தலைவர் இல்லை. கேரளத்தில் 2022லேயே இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கே தலைவர்களும் இருந்தார்கள்.

ஆள் செத்தால் கம்பி கட்டியவர் சிறைக்குப் போகட்டும், தப்பில்லை. நாலு மூட்டை சோளத்துக்காக ஓர் ஆளைக் கொன்றிருக்கிறார். ஒரு மாதமாக அந்தக் கம்பியைத் தாண்டித் தாண்டி நடந்த அதிகாரிகள் எந்தச் சிறைக்குப் போவார்கள்?

அடுத்த கிராம சபையில் வரவு செலவு வாசித்து முடித்ததும் எழுந்து கேளுங்கள்: ஊரில் எத்தனை கொல்லையில் கரண்டு ஓடுகிறது, பட்டியல் எங்கே, பிடுங்க வேண்டியவர் பெயர் என்ன? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.