210 லிட்டர் பேரலுக்கு ஒரு முத்திரை வேண்டி

பெறுநர்: சட்டமுறை எடையளவுப் பிரிவு, தொழிலாளர் துறை, தமிழ்நாடு அரசு.

பொருள்: சர்வீஸ் சென்டர்களில் எஞ்சின் ஆயில் மாயமாவது குறித்து.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் துறையின் கண் எவ்வளவு கூர்மையானது என்று கத்திரிக்காய் விற்கும் ஆயாவைக் கேட்டால் தெரியும். தராசில் முத்திரை இல்லையென்றால் அபராதம். பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறது என்று சந்தேகப்பட்டால், 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லி எந்த வண்டிக்காரரும் கேட்கலாம். சென்னையில் லிட்டர் 100 ரூபாய் சொச்சத்துக்கு விற்கும் பெட்ரோலுக்கு இத்தனை காவல்! அதே வண்டி சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்து, லிட்டருக்கு அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு விலையுள்ள ஆயிலைக் குடிக்கும்போது மட்டும் துறைக்குக் கண் அசந்துவிடுகிறது. உழைத்த களைப்பாக இருக்கலாம்.

அங்கே நடப்பது என்ன? கார்க்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசி அறையில் காபியோடு அமர்த்தப்படுகிறார். அந்தப் பக்கம் 210 லிட்டர் பேரலிலிருந்து குழாய் வழியே ஆயில் போகிறது. கையேட்டில் 3.1 லிட்டர் என்று போட்டிருக்கும் வண்டிக்கு பில்லில் 3.5 லிட்டர். மிச்சம் 400 மில்லி எங்கே என்று கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். எஞ்சின் ஆயில் தீப்பற்றவே பொதுவாக 200 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். ஆனால் பில் போடும் மேசையில் சாதாரண வெயிலுக்கே ஆவியாகிவிடுகிறது. இதை ஆராய்ச்சிக்கு அனுப்பலாம்.

விலையும் அப்படித்தான். கேனில் வாங்கினால், 'அனைத்து வரிகளும் உட்பட' என்று அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்கின்றன 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகள். ஆனால் சில்லறைப் பொட்டலங்களுக்கான அந்த அத்தியாயம் 25 லிட்டருக்கு மேற்பட்டவற்றுக்குப் பொருந்தாது என்றும் அதே விதிகளில் எழுதிவைத்தார்கள். ஒரு லிட்டர் கேனுக்கு விலங்கு, 210 லிட்டர் பேரலுக்கு விடுதலை! பில்லில் ஒரு விலையும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஏறும்போது, மொத்தத் தொகை கேன் விலையைத் தாண்டியதா என்று ஒப்பிட வாடிக்கையாளர் கையில் கேனே இல்லை.

அதற்குக் கீழே 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு வரி. துடைத்த துணிக்காம். அதற்கும் கீழே சில இடங்களில் 'சுற்றுச்சூழல் கட்டணம்'. வடித்தெடுத்த பழைய ஆயில், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். அவர் அதைக் காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. வாடிக்கையாளர் காசு கொடுத்து ஊற்றி, காசு கொடுத்து வடித்து, பழைய ஆயில் விற்ற காசையும் கடைக்கே விட்டுவிட்டு வருகிறார். பூமித்தாய் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறாள்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. வாடகை, சம்பளம், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் செலவுண்டு. லேபர் சார்ஜ் என்று நேராகக் கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. தெருமுனை மெக்கானிக் அதைத்தான் செய்கிறார். வண்டிக்காரர் வாங்கிவந்த கேனை அவர் முன்னாலேயே உடைத்து ஊற்றி, டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துக் காட்டி, கூலியை மட்டும் வாங்கிக்கொள்கிறார். அவரிடம் காபி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தாங்கள் பெரிய மனது வைத்து முத்திரை ஆய்வர் ஒருவரைப் பங்கிலுள்ள அதே 5 லிட்டர் அளவையோடு சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்ப வேண்டும். பேரலில் இருப்பது என்ன கிரேடு, லிட்டர் என்ன விலை என்று வரியோடு சேர்த்து எழுதிய பலகையை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டவும் ஆணையிட வேண்டும். அதுவரை வண்டிக்காரர்கள் சீல் உடைக்காத கேனைக் கேட்டு வாங்கட்டும், காலிக் கேனை வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்படிக்கு,
பில்லைப் பத்திரமாக வைத்திருக்கும் வாகன உரிமையாளர்கள்